ஒரே தாளில் இரண்டு விரிசல்

மஞ்சாடியாற்று அணையின் உதவிப் பொறியாளர் ஆவுடையப்பன், அணைச் சுவரில் விழுந்திருந்த விரிசலைக் காலையிலும், தன் மனைவி சங்கரவடிவின் கால் எலும்பில் விழுந்திருந்த விரிசலை, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து, மாலையிலும் ஒரே கேமராவில் படமெடுத்தார்; குளியலறையை இருட்டாக்கிச் சிவப்பு பல்பு போட்டுப் படம் கழுவ உட்கார்ந்தபோது தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, இன்னொன்று வேண்டுமென்றால் டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும் என்பதால், இரண்டு படத்தையும் அந்த ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, நடுவிலும் சுற்றிலும் வெள்ளை விட்டுக் கொடியில் காயப்போட்டார். விடிந்ததும் வடிவு கட்டிலிலிருந்து இறங்கி, நொண்டாமல் கொள்ளாமல் நடந்துபோய்ப் பால் காய்ச்சினாள். அணைச் சுவரிலும் விரிசலைக் காணவில்லை. படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன. விரிசல் இரண்டும் கொடியில் தொங்கிய தாளில் மட்டும் இருந்தன.

ஆவுடையப்பனுக்கு முதலில் வந்த சந்தேகம் தன் அளவு தப்பிவிட்டதோ என்பதுதான். அவர் அப்படிப்பட்ட மனிதர். எதைப் படமெடுத்தாலும் ஓரத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்திவைப்பார். கல்யாண ஜோடி நின்றாலும் சரி, பிறந்த குழந்தை கிடந்தாலும் சரி, பக்கத்தில் அடிக்கோல் நிற்கும், தாழையடி ஊரில் பல வீட்டுச் சுவர்களில் மாப்பிள்ளையைவிடக் கோல் தெளிவாக விழுந்த படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. "எங்களப் படம் புடிக்கியளா, அளந்து பட்டா போடுதியளா சார்?" என்று கேலி பேசுவார்கள். அவர் சிரிக்க மாட்டார். அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உண்மையாகவே அவருக்கு விளங்கியதில்லை. அன்று காலை அடிக்கோலோடு சுவரில் ஏறி, கல் கல்லாகத் தடவிப் பார்த்து, விரிசல் இருந்த இடத்தில் நேற்றுக் கட்டியதுபோலச் சுண்ணாம்பு இறுகியிருக்கக் கண்டு, இறங்கி வந்து பல் தேய்த்தார்.

செய்தி மடைவழித் தண்ணீர்போல ஊருக்குள் இறங்கிவிட்டது. அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டியிருந்த தாழையடியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை; இப்படி ஒரு வசதி இருப்பதை இத்தனை நாள் சொல்லாமல் விட்டாரே என்றுதான் குறைப்பட்டார்கள். மறுவாரமே அணைக் குடியிருப்பின் வாசலில் ஆள் நின்றது. அடுப்படிச் சுவர் வெடித்தவர்கள் வந்தார்கள், ஓட்டைத் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நாற்று நட்டு நட்டுக் குதிகால் பிளந்த பெண்கள் வந்து கல்லின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள், மேலத்தெருப் பாதிரியார் கீறல் விழுந்த மாதா கோயில் மணியை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார், படமெடுத்தபின் மணி பழைய குரலில் பேசிற்று. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த மூக்காண்டியும் அவன் தம்பியும்கூட வந்து, இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் படமெடுக்கச் சொன்னார்கள். அது மட்டும் பலிக்கவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள்.

இதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதைச் செல்லையா வீட்டுச் சுவர் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது. செல்லையா தன் வீட்டு விரிசல் படத்தை ஆசையாக டவுனுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போடக் கொடுத்தான். சட்டம் போடுகிறவர் சாமி படத்துக்கு அறுத்து வைத்திருந்த சட்டத்தில் அது அடங்குவதற்காக, அவர்கள் எப்போதும் செய்வதுபோல, சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தைக் கத்தரித்துவிட்டார். பஸ் ஊருக்குள் வந்து நிற்பதற்குள் செல்லையாவின் சுவரில் விரிசல் திரும்பி வந்திருந்தது. பழையபடி நூல் கணக்கில் வரவில்லை, கை நுழைகிற அளவுக்கு வந்தது, உள்ளே அவன் மனைவி அப்பளம் பொரிப்பது வெளியே தெரிந்தது. ஆவுடையப்பன் மறுபடி போய்ப் படமெடுத்தார். விரிசல் படத்திலும் விழுந்தது, சுவரிலும் இருந்தது. ஒருதடவை வெளியே வந்த விரிசல் இரண்டாம் தடவை தாளுக்குள் போகாது என்று தெரிந்துபோயிற்று. அதன்பிறகு தாழையடிக்காரர்கள் படத்தின் வெள்ளை ஓரத்தைக் 'கரை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வயலுக்குக் கரை எப்படியோ படத்துக்கும் அப்படி, எங்கே உடைத்தாலும் உள்ளே இருப்பது முழுக்க வெளியே போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். படம் இருக்கிற சுவர்ப் பக்கம் கத்தரிக்கோல் எடுத்துப் போவதில்லை.

வீட்டு விரிசல்கள் தாளுக்குள் சொன்னபடி கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்து தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அணையின் விரிசலுக்குப் பின்னால் ஓர் ஆறு முழுக்க நின்றது. சுவர் பழுதில்லாமல் இருக்கிறது என்று கோட்ட அலுவலகத்துப் பெரிய இன்ஜினியர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டு, இத்தனை வருஷம் தேக்காத உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்க உத்தரவு போட்டார். தாழையடியும் சந்தோஷமாக மேட்டு நிலத்தையெல்லாம் உழுது பிசான நெல் நட்டது. நட்டு முடித்த வாரத்தில், கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தத் தாளை ஆவுடையப்பன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். படத்துக்குள் நின்ற அடிக்கோலை வைத்தே அளந்தார். விரிசல் வளர்ந்திருந்தது. கல் தாண்டிக் கல்லாக இடப்பக்கம் நகர்ந்து, படத்தை விட்டு வெளியேறி வெள்ளைக் கரையில் மெல்லிய கறுப்பு மயிராக ஓட ஆரம்பித்திருந்தது. அது தாளின் விளிம்பைத் தொட்டால், அத்தனை மாத வளர்ச்சியும் மொத்தமாக, நிறைந்த தண்ணீருக்கு முன்னால் சுவரில் போய் விழும். அதே தாளில் இருந்த வடிவின் கால் விரிசலும் சேர்ந்து வந்துவிடும். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் நினைத்தார், வடிவின் காலைத்தான் முதலில் நினைத்தார்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பெரிய இன்ஜினியருக்கு ஆள் அனுப்பினார், போனில் பேசினார், கடைசியில் அந்த மனிதர் எரிச்சலோடு ஜீப்பில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"சுவர்ல ஒண்ணும் இல்லையே, ஆவுடையப்பன்."

"படத்தில வளருது சார்."

"நம்ம டிபார்ட்மென்ட் சுவரைத்தான்யா அளக்கும். படத்தை அளக்கிறதுக்கு வேற ஆள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வடிவு கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு விடியற்காலையில் ஆவுடையப்பன் தானே மடைச் சக்கரத்தைச் சுற்றி ஒரு முழம் திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் ஏறிய சத்தம் கேட்டதுமே தாழையடி ஆண்கள் மண்வெட்டியும் கம்புமாக மேலே ஓடிவந்து, அவரை ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லாமல், தோளைப் பிடித்து மரியாதையாக ஓரமாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினார்கள். அன்று முதல் மடைக்கு இரண்டு பேர் காவல். அவர் வீட்டு வராந்தாவிலும் இரண்டு பேர் காவல். தாளுக்குக் காவல் என்று சொல்லவில்லை, சார் உடம்புக்கு ஏதும் வந்துவிடக் கூடாதென்று பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பெண்கள் வந்து தாளுக்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள், தாளில் கை படாதபடிக்கு ஆணியில் பூச்சரம் மாட்டினார்கள்.

மூக்காண்டிதான் அந்தக் காவலுக்குத் தலைவன். பெரிய குரல், ஈரமான மனசு, மேட்டிலும், கீழ்ப்பத்தான தாழ்ந்த வயலிலும் நட்ட நெல்லில் பெரும்பங்கு அவனுடையது. "சார், நீங்க கோவிச்சுக்கிடாதிய. நெல்லு பால் புடிச்சு நிக்கி. இப்ப மடையத் திறந்தா கீழ்ப்பத்து முங்கிரும், மேட்டுக்குத் தண்ணியில்லாமக் கருகிரும். அறுத்து முடிச்சிட்டம்னா நாங்களே வந்து சக்கரத்தச் சுத்துதோம்" என்றான்.

"சுவர் அதுவரைக்கும் நிக்கணுமே மூக்காண்டி."

"நிக்கும் சார். நீங்க இருக்கியள்லா." மூக்காண்டி குரலைத் தாழ்த்தினான். "அம்மாவோட காலு அந்தத் தாளுல இருக்குற வரைக்கும் நீங்க அதுல கத்தியப் போட மாட்டிய. எங்களுக்குத் தெரியாதா."

அது உண்மை. சுவருக்கு இப்போதே விரிசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், பெரிய இன்ஜினியரும் மடையைத் திறக்கச் சொல்லியே ஆக வேண்டும், நேரமும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் அதற்குப் பதிலாகக் கணக்குப் போட்டார். வயலுக்குத் தினமும் போகிற தண்ணீர் இவ்வளவு, வெயிலில் வற்றுவது இவ்வளவு, மார்கழி பிறந்தாயிற்று, இனி மழை இருக்காது, மட்டம் இறங்க இறங்கத் தள்ளுகிற விசை குறையும், விரிசல் விளிம்புக்கு இந்தப் பக்கமே நின்றுபோகும், நெல்லும் வீடேறும், வடிவும் நடப்பாள். கணக்கில் தப்பே இல்லை. தப்பு முழுக்க அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்த ஆளிடம் இருந்தது, அதுவும் அவருக்கே தெரிந்துதான் இருந்தது. "விரிசல் எப்படி இருக்கு?" என்று வடிவு கேட்டபோதெல்லாம், நின்றுவிட்டது என்று சொன்னார்.

மார்கழி பாதியில் மழை பிடித்தது. யாரும் கேட்காத மழை. மலை தெரியவில்லை, ஆறு எதுவென்று தெரியவில்லை, அணையில் தண்ணீர் பொழுதுக்குப் பொழுது ஏறியது, மேலத்தெரு மணி அடிக்கிற சத்தம்கூட ஈரத்தில் ஊறிப்போய் வந்தது. தாழையடிப் பெண்கள் வாசலில் வந்து நின்று மேலே அணையைப் பார்த்துவிட்டு, விரிசல் இல்லாத சுவரைக் கண்டு நிம்மதியாக உள்ளே போனார்கள். சுவர் அவ்வளவு அழகாக இருந்தது. இங்கே கூடத்தில் ஆவுடையப்பன் சாப்பிடாமல் கொள்ளாமல் கண்ணாடியும் கையுமாகத் தாளுக்கு முன்னால் நின்றார், குளிக்கப் போனாலும் ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தார்.

அவர் அசந்து நாற்காலியில் கண்மூடியிருந்த ஒரு முற்பகலில், வடிவு கண்ணாடியை அவர் மடியிலிருந்து எடுத்துத் தானே போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"நின்னுட்டுன்னு சொன்னிய."

அவர் விழித்துப் பார்த்தார். அவள் கையில் கண்ணாடி இருந்தது.

"விளிம்புக்கு ஒரு நகத்தளவுகூட இல்ல."

"மழ நின்னா நின்னுரும், வடிவு. கணக்குப் போட்டுருக்கேன்."

"மழ நிக்கலன்னா?"

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

"செல்லையா பொண்டாட்டிக்கு இதுதான் மாசம்" என்றாள் வடிவு. "தண்ணி வந்தா அவளால எந்திரிச்சு ஓடவா முடியும்?"

"உன் காலு பழசு மாதிரி வராதும்மா" என்றார். "அன்னைக்கு நூல் கணக்கா இருந்தது. இப்ப வந்தா அவன் வீட்டுச் சுவர் மாதிரி வரும். திரும்பவும் படத்துக்குள்ள போகாது. டாக்டர் சேத்துக் கட்டுனாலும் நீ நடக்க மாட்ட."

"தெரியும். அந்தச் சுவர நானும் பாத்தேன். அந்த வழியாத்தான் அவ எனக்கு அப்பளம் குடுத்தா."

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய், அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்துக் காப்பி போட்டு, வராந்தாவில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்த மூக்காண்டிக்கும் இன்னொருவனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "குடிச்சிட்டு டம்ளர நீங்களே உள்ள கொண்டாந்து வச்சிருங்க அண்ணாச்சி. எடுக்க என்னால வர முடியாது" என்றாள். மூக்காண்டி சரிம்மா என்று தலையாட்டிவிட்டு ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். உள்ளே வந்த வடிவு கதவைத் தாழ்போட்டாள். தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள், ஆணியில் இருந்த பூச்சரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள், தாளை இறக்கினாள், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கி வைத்துச் சேலையைச் சரிசெய்தாள். ஏதோ மருதாணி வைத்துக்கொள்ள உட்கார்ந்தவளைப்போல எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாள்.

"குடு, நான் செய்யுதேன்" என்று ஆவுடையப்பன் கத்தரிக்கோலை வாங்கினார். தாளின் கரையில் வாயைப் பிளந்து வைத்தார். மலையைக் குடைந்து சுரங்கம் போட்டவர், வெடி வைத்துப் பாறை பிளந்தவர், இரண்டு விரலைச் சேர்க்க முடியாமல் நின்றார். விரல் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மழை ஓட்டில் அடித்தது, வராந்தாவில் மூக்காண்டி எதற்கோ சிரித்தான், தாளில் கறுப்பு மயிர் அவர் கண் முன்னாலேயே ஊர்ந்தது.

"குடுங்க" என்று வடிவு கையை நீட்டினாள். "அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

அவர் திரும்பவில்லை. அவள் முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு படத்துக்கும் நடுவிலிருந்த வெள்ளையில் ஒரே வெட்டாக வெட்டினாள். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கூடத்தில் கேட்டது. அதே சத்தம் அணைப் பக்கமிருந்து, ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும்படி பெரிதாகக் கேட்டது. இரண்டு துண்டாகத் தரையில் விழுந்த தாளில் ஒன்றில் பழுதில்லாத சுவரும் இன்னொன்றில் பழுதில்லாத எலும்பும் இருந்தன. வடிவின் கால் ஸ்டூலின்மேல் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பிக் கிடந்தது.

மூக்காண்டி கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தாளைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான். "என்ன காரியம்மா பண்ணிட்டிய" என்றான், பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

வடிவு வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். "போய் மடையத் திறங்க அண்ணாச்சி. எனக்கு இங்க ஆள் இருக்கு."

அதற்குள் அணையின் சங்கு ஊதத் தொடங்கிவிட்டது. தாழையடி முழுக்க வாசலுக்கு வந்து மேலே பார்த்தது. உச்சிக் கல்லிலிருந்து அடிக்கல் வரைக்கும் சுவர் பிளந்து, பிளவு வழியாகத் தண்ணீர் வெள்ளைத் தகடாகப் பீறிட்டு நின்றது. யாரும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மடைக்குக் காவல் இருந்தவர்களே மடைச் சக்கரத்தைச் சுற்றினார்கள், கை வலித்தவன் விலக அடுத்தவன் பிடித்தான், பேச்சில்லாத அண்ணனும் தம்பியும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கத்தில் நின்று அப்போதும் பேசாமல் சுற்றினார்கள். பால் பிடித்த நெல்லின்மேல் தண்ணீர் ஏறி மூடுவதை மூக்காண்டி மேலே நின்று பார்த்துக்கொண்டே சுற்றினான், பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. பெண்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு குடியிருப்பு மேட்டுக்கு ஏறினார்கள், செல்லையாவின் மனைவியை நார்க்கட்டிலோடு தூக்கி வந்தார்கள், இறக்கிவைத்த அதே கட்டிலில் வடிவைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் ஜீப்பில் வந்த பெரிய இன்ஜினியர், ஏற்கெனவே திறந்திருந்த மடைகளைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

சுவரின் நடுப்பகுதி மறுநாள் சாயங்காலம் விழுந்தது. அப்போது அதற்குப் பின்னால் எருமை படுக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அது தாழையடியின் வாசற்படிகள் வரைக்கும் வந்து, வைக்கோல் போரையும் கோழிக்கூட்டையும் சுருட்டிக்கொண்டு ஆற்றோடு போயிற்று. மேட்டில் செல்லையாவுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. வயலில் ஒரு மணி நெல் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கட்டுப் போடலாம், ஆனால் இந்தக் கால் இனி தரையில் ஊன்றாது என்றார். மூக்காண்டி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றான். "என் நெல்லு எல்லாம் போச்சும்மா" என்றான். "தெரியும் அண்ணாச்சி" என்றாள் வடிவு. அவன் அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பு இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனான்.

ஆவுடையப்பன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் வெட்டியிருக்கணும்" என்றார்.



"நீங்க வெட்டியிருந்தா, நாயம்தான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள மன்னிச்சிருப்பனான்னு தெரியல" என்றாள் வடிவு. "இப்ப பாருங்க, நான் யாரையும் மன்னிக்க வேண்டியதில்ல."

ஆவுடையப்பன் குனிந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவள் தடுக்கவில்லை.